ஊரின் வேளாண் திட்டத்தை ஊராரோடு சேர்ந்து வகுப்பது எப்படி?

ஈசூன்வாசி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் இளையான்குடிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரைப் பூர்வீகமாகக் கொண்ட சில குடும்பத்தினர் சிங்கப்பூரில் வசிக்கிறோம். எங்களுள் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் உண்டு. வேலைக்காக வந்து நிரந்தரவாசிகள் ஆனவர்களும், இன்னும் வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களும் உண்டு. ஊர்க் கோயில் திருப்பணிக்குச் சேர்ந்து பணம் அனுப்பிய பழக்கம் எங்களுக்கு இருக்கிறது. இப்போது வேளாண்மைக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுத்திருக்கிறது. கண்மாய்ப் பாசனத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்த வயல்களில் பெரும்பகுதி இன்று சீமைக் கருவேலம் மண்டித் தரிசாகக் கிடக்கிறது. இளைஞர்கள் திருப்பூருக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள்.

எங்கள் குழுவில் இருக்கும் பொறியாளர் ஒருவர் நல்ல உழைப்புடன் ஒரு வரைவைத் தயாரித்திருக்கிறார். கருவேலத்தை வேரோடு அகற்றுவது, ஆழ்துளைக் கிணறு அமைத்துச் சூரியசக்தி மோட்டார் பொருத்துவது, சொட்டுநீர்ப் பாசனத்தில் முருங்கையும் காய்கறியும் பயிரிடுவது, படிப்படியாக முழுவதும் இயற்கை வேளாண்மைக்கு மாறுவது என்பன அதன் முக்கியப் பகுதிகள். ஊர்ப் பெரியவர்களிடம் காணொளி அழைப்பில் இதை விளக்கியபோது, "நீங்கள் எல்லாம் படித்தவர்கள், எங்களுக்கு நல்லதைத்தான் செய்வீர்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார்கள். குழுவில் மற்றவர்களுக்கு இது மகிழ்ச்சியாக இருந்தது. எனக்கோ இவ்வளவு எளிதாகக் கிடைத்த சம்மதம் உறுத்தலாகவே இருக்கிறது.

ஊர் மக்கள் தாங்களே திட்டமிட்டு, தங்களுடையது என்று கருதித் தொடர்ந்து நடத்தும்படியான ஒன்றை, கடல் கடந்து வாழ்கிற நாங்கள் எங்கிருந்து தொடங்குவது? யாரிடம், எந்த முறையில் பேசுவது? இத்தகைய பணியில் அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வயல்வரப்பு எழுதுகிறார்:

ஈசூன்வாசி அவர்களுக்கு வணக்கம். சிங்கப்பூருக்கு வருவதற்கு முன் மதுரை வட்டாரத்தில் ஊரக வளர்ச்சித் தொண்டு நிறுவனம் ஒன்றில் களப்பணியாளராக இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

அந்த வரைவை இனிமேல் ஊராரிடம் காட்ட வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். பணம் தரப்போகிறவர் திட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு கருத்துக் கேட்டால், மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்றே நம் ஊர்களில் நினைப்பார்கள். மறுத்தால் வருகிற பணமும் வராமல் போகும் என்ற கணக்கும் அவர்களுக்கு உண்டு, அது நியாயமான கணக்குதான். ஆகவே உங்களுக்குக் கிடைத்த பதில் உங்கள் மீதுள்ள மதிப்பைக் காட்டுகிறதே தவிர, ஆழ்துளைக் கிணற்றைப் பற்றியோ முருங்கையைப் பற்றியோ அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைக் காட்டவில்லை.

1980-களின் இறுதியில் ராபர்ட் சேம்பர்ஸ் போன்றோரின் எழுத்துகளாலும், இந்தியாவில் மைராடா போன்ற தொண்டு நிறுவனங்களின் களப்பணியாலும் பரவிய பங்கேற்பு ஊரக மதிப்பீட்டு முறை, இந்தச் சிக்கலுக்காகவே உருவானது என்று சொல்லலாம். படிவத்தோடு போய்க் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு, ஊராரையே தரையில் ஊரின் வரைபடத்தைப் போடச் சொல்வார்கள். கோலமாவு, செங்கல் தூள், இலை, கூழாங்கல் எதுவானாலும் போதும். ஆண்கள் ஒரு வரைபடமும் பெண்கள் தனியாக இன்னொரு வரைபடமும் போடுவது மிக முக்கியம், ஏனென்றால் இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. ஆண்கள் கண்மாய், மடை, பம்புசெட், சாலை என்று குறிப்பார்கள். பெண்கள் குடிநீர் ஊருணியையும், விறகு பொறுக்கும் இடத்தையும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் இடத்தையும் குறிப்பார்கள்.

உங்கள் கருவேலங்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் நிலமில்லாத பல குடும்பங்களுக்குச் சீமைக் கருவேல விறகும் கரிமூட்டமும் கோடைக்கால வருமானம். தரிசு நிலம் ஆடு வளர்ப்போருக்கு மேய்ச்சல் நிலம். அறுவடை முடிந்த வயல்களில், மந்தை மேய்க்கும் கீதாரிகள் ஆடுகளை அடைத்துக் கிடை போடுவார்கள், நிலத்துக்கும் எரு கிடைக்கும். கருவேலம் நிலத்தைக் கெடுக்கிறது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதை வேரோடு பிடுங்கி, வேலி அடைத்து, சொட்டுநீர்க் குழாய் விரிக்கும் நாளில் யாருடைய அடுப்பும் யாருடைய ஆடும் பாதிக்கப்படும் என்பது உங்கள் பொறியாளரின் வரைவில் இருக்க வாய்ப்பில்லை. காணொளி அழைப்பில் பேசிய பெரியவர்களும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஏனெனில் பாதிக்கப்படுவோர் அந்த அழைப்பில் இருந்திருக்கவே மாட்டார்கள்.

அடுத்தது பருவ நாட்காட்டி. புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, தை மாசியில் நெல் அறுவடை, பங்குனி சித்திரை வரை மிளகாய்ப் பறிப்பு என்ற பயிர் வரிசைக்குப் பக்கத்திலேயே, எந்த மாதம் நகை அடகுக்குப் போகிறது, எந்த மாதம் மீட்கப்படுகிறது, எப்போது ஆண்கள் வெளியூர் போகிறார்கள், எப்போது தீவனம் தட்டுப்படுகிறது என்பதையும் அவர்களே கல் அடுக்கிக் காட்டுவார்கள். காய்கறிச் சாகுபடி அன்றாடம் ஆள் கேட்கும். ஆள் இல்லாத மாதம் எது என்பதை அறியாமல் அதைப் பரிந்துரைக்க முடியாது.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதையும் யோசியுங்கள். கோயில் மண்டபத்திலோ பெரிய வீட்டுத் திண்ணையிலோ வைத்தால், சில தெருக்களிலிருந்து யாரும் வரமாட்டார்கள். வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள். தெருத் தெருவாகத் தனித்தனியே பேசிவிட்டு, பிறகு பொதுவில் கூடுவதே நடைமுறையில் பலன் தந்தது. பெண்களிடம் பேச மாலை மங்கிய பிறகான நேரம்தான் ஒத்துவரும். இதையெல்லாம் சிங்கப்பூரிலிருந்து நீங்கள் செய்ய இயலாது. இப்பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைச் சில மாதங்களுக்கு அமர்த்தி, அதற்கு மட்டும் முதலில் பணம் ஒதுக்குங்கள். இந்தச் செலவைத்தான் கொடையாளிகள் வீண் என்று முதலில் வெட்டுவார்கள்.

கண்மாய்க்கரை எழுதுகிறார்:

அண்ணன் வயல்வரப்பு எழுதியதை ஏற்கிறேன். நான் துவாஸில் வேலை பார்க்கிறேன். என் தம்பி ஊரில் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். எங்கள் வயல், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் இருப்பதால் தண்ணீரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 கண்மாய்களும் ஏரிகளும் இருப்பதாகக் கணக்கு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் பரப்பு, 40 ஹெக்டேருக்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. உங்கள் கண்மாய் இந்த இரண்டில் எது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை, ஏனெனில் மடையில் ஒரு கல்லைப் பெயர்த்து வைப்பதற்கும் உரியவரின் அனுமதி வேண்டும்.

ஆயக்கட்டுக்குள் ஆழ்துளைக் கிணறு போடும் யோசனை எனக்குக் கவலை தருகிறது. சொந்தக் கிணறு உள்ளவர், கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலைத் தூர்வாரும் நாளில் வருவதில்லை, வயல்களுக்குத் தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்ப்பாய்ச்சிக்குக் கொடுக்கும் நெல்லையும் நிறுத்திவிடுகிறார். பிறகு கண்மாயை மட்டுமே நம்பியிருக்கும் கடைமடைக்காரர்கள் தனியாக வெட்டிப் பார்த்து ஓய்ந்துபோகிறார்கள். பல ஊர்களில் கண்மாய் கெட்டது இந்த வழியில்தான். சூரியசக்தி மோட்டாருக்கு மின்கட்டணமும் இல்லை, மின்வெட்டும் இல்லை என்பதால் வெயில் இருக்கும் வரை தண்ணீர் இறைக்கப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கிணறே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்ற ஊர், போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவராக இருந்த காலத்தில், பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு போடுவதில்லை என்றும், அதிகம் நீர் குடிக்கும் கரும்பு, வாழை போன்றவற்றைத் தவிர்ப்பது என்றும் ஊரே கூடி முடிவெடுத்து, ஆண்டுதோறும் பெய்த மழையை அளந்து, அதற்கேற்பப் பயிரைத் தீர்மானிக்கிறது. ஆந்திரத்தில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் ஆதரவுடன் வறட்சி மாவட்டங்களில் நடந்த ஒரு திட்டத்தில், விவசாயிகளே மழைமானியும் கிணற்று நீர்மட்டமும் அளந்து, பயிர் வைப்பதற்கு முன் நீர்க்கணக்குப் போட்டார்கள். அங்கே யாரும் இன்ன பயிரை வை என்று கட்டளையிடவில்லை. கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்ததால் பலர் தாமாகவே குறைந்த நீர்ப் பயிருக்கு மாறினார்கள். உங்கள் குழு முதலில் வாங்கித் தரவேண்டியது ஒரு மழைமானியும் கிணற்று நீர்மட்டம் அளக்கும் நாடாவும்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பகுதிக் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேலே உள்ள ஊரின் கண்மாய் நிறைந்து, உபரிநீர் கலுங்கு வழியே வழிந்தால்தான் உங்கள் ஊருக்கு வரத்து. வரத்துக்கால் அடுத்த ஊரின் எல்லைக்குள் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தால், உங்கள் ஊர் மட்டும் கூடித் திட்டமிட்டு என்ன பயன்? ஊர்ப் பெரியவர்கள், இளைஞர்கள், மேலே உள்ள ஊர்க்காரர்கள் எல்லோருமாக மழைக்கு முன் வரத்துக்கால் முழுவதையும் ஒருமுறை நடந்து பாருங்கள்.

ஊராரே கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் பழைய முறையான குடிமராமத்தை 2017-இல் அரசு மீண்டும் தொடங்கியபோது, பாசனதாரர்கள் 10 சதவீதத்தைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வைத்தார்கள். நல்ல விதிதான். ஆனால் பாசனதாரர் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரரே வேலையைச் செய்துவிட்டுப் போனார் என்ற குறை பல இடங்களில் எழுந்தது. வெளியிலிருந்து வரும் பணம் பெரிதாக இருந்தால் உங்கள் ஊரிலும் அதுவே நடக்கும்.

இயற்கை வேளாண்மையைப் பற்றி ஒரே ஒரு சொல்: மாறுகிற முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால் அந்த இழப்பை யார் ஏற்பது என்பதற்கு விடை இல்லாமல் அதைத் திட்டத்தில் எழுதாதீர்கள்.

கணக்கர் எழுதுகிறார்:

பணம், சட்டம் தொடர்பானவற்றை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். இவை பிற்பாடு பார்த்துக்கொள்ளக் கூடியவை அல்ல, ஏனென்றால் ஊராருக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பணத்தை அனுப்ப முடியாமல் நிற்பதைவிட மோசமான நிலை இல்லை.

இந்தியாவின் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, இந்தியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருப்பவர் வெளிநாட்டில் இருந்தாலும் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. சிங்கப்பூர்க் குடிமக்கள் தருவது, அவர்கள் இந்திய வம்சாவளியினராக இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் அமைப்பு அச்சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும். 2020-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, பதிவுபெற்ற ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ஆகவே உங்கள் குழுவில் யார் எந்தக் கடப்பிதழ் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். இங்கே சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டி வெளிநாட்டு அறப்பணிக்கு அனுப்புவதாக இருந்தால், அறநிறுவன ஆணையரிடம் அனுமதி பெற வேண்டும்.

விளைபொருளை விற்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் அமைக்கும் எண்ணம் இருந்தால், அதில் உறுப்பினராகவும் பங்குதாரராகவும் இருக்கக் கூடியவர்கள் உற்பத்தியாளர்கள் மட்டுமே. 2020-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் உதவியைப் பெறச் சமவெளியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் வேண்டும், ஒரு சிற்றூரால் அது இயலாது. இதிலும் பக்கத்து ஊர்களைச் சேர்த்துக்கொள்ளத்தான் வேண்டியிருக்கும்.

ஊராரின் முடிவுக்குச் சட்டப்படியான வடிவம் கிராம சபைத் தீர்மானம். தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு நாள்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அக்டோபர் 2 கூட்டத்தில் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேசப்படும். உங்கள் வேலை அதில் இடம்பெற்றால் அரசுத் துறைகளின் நிதியும் அதனோடு சேர வழி உண்டு. சிவகங்கை உள்ளிட்ட 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. எனவே இப்போது அங்கே யார் பொறுப்பில் இருக்கிறார் என்பதை விசாரித்துவிட்டுக் கடிதம் எழுதுங்கள்.

தேக்காவாசி எழுதுகிறார்:

நான் இங்கேயே பிறந்தவன், வயலில் இறங்கியதில்லை. ஆனால் சிங்கப்பூரின் பண்ணைகளைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படிப்பவன் என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கிறேன். நம் அரசாங்கம் புதிய வேளாண் நிலங்களை 10 ஆண்டுக் குத்தகைக்கு விடுவதாக முதலில் அறிவித்தபோது, அவ்வளவு குறுகிய காலத்தில் போட்ட முதலை எடுக்க முடியாது என்று பண்ணைக்காரர்கள் எடுத்துச் சொன்னார்கள். 2017-இல் அதை 20 ஆண்டாக மாற்றினார்கள். பெரும் முதலும் நவீனக் கருவிகளும் வைத்திருக்கும் லிம் சூ காங் பண்ணைக்காரருக்கே நிலம் எத்தனை ஆண்டு தம் கையில் இருக்கும் என்பதுதான் முதல் கேள்வியாக இருந்தது. ஈசூன்வாசி அவர்களே, உங்கள் ஊரில் தரிசாகக் கிடக்கும் அந்த வயல்கள் யார் பெயரில் இருக்கின்றன?

ஈசூன்வாசி எழுதுகிறார்:

அனைவருக்கும் மிக்க நன்றி. கண்மாயின் உரிமை, கடப்பிதழ் விவரம் இரண்டையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டோம். மழைமானி யோசனை எங்கள் பொறியாளருக்கே மிகவும் பிடித்துவிட்டது.

தேக்காவாசி ஐயாவின் கேள்விக்குப் பதில் சொல்ல ஊரில் உள்ள உறவினர்களிடம் பட்டா விவரம் கேட்டேன். தரிசு நிலத்தில் பெரும்பகுதி ஊரைவிட்டு வெளியேறிய குடும்பங்களின் பெயரில் இருக்கிறது. அவற்றுள் எங்கள் குழுவினரின் குடும்பங்களும் உண்டு. பாட்டனார் பெயரிலேயே இருந்து பாகம் பிரிக்காதவை பல. சிலவற்றை ஊரில் உள்ளவர்கள் வாய்மொழியாக வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதார்கள். கருவேலம் ஏறிய பிறகு விட்டுவிட்டார்கள். எழுத்தில் குத்தகைக்கு விட எங்கள் குடும்பங்களில் பெரியவர்கள் தயங்குகிறார்கள், நிலம் திரும்பி வராது என்று அஞ்சுகிறார்கள். இந்த நிலையில் உழுபவர்களை எப்படித் திட்டமிடலில் சேர்ப்பது?

வயல்வரப்பு எழுதுகிறார்:

தேக்காவாசி கேட்டது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்றாலும், அவர் கேட்ட விதமே பொருத்தம்.

உங்கள் பெரியவர்களின் அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், குத்தகை பாக்கி போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இன்றி உழுபவரை வெளியேற்றுவதைத் தடுக்கிறது. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற வழி செய்தது. உழுபவரைக் காக்க வந்த சட்டங்கள் இவை. ஆனால் பதிவாகிவிட்டால் நிலம் போய்விடும் என்று அஞ்சிய உரிமையாளர்கள் எல்லாவற்றையும் வாய்மொழியிலேயே வைத்துக்கொண்டார்கள். வாய்மொழிக் குத்தகைதாரருக்குக் கூட்டுறவுப் பயிர்க்கடன் வாங்குவதும் பயிர்க் காப்பீட்டில் சேர்வதும் கடினம். நில உரிமை உள்ளவர்களுக்கே என்று வகுக்கப்பட்ட பிரதமரின் உழவர் உதவித்தொகையும் அவருக்கு இல்லை. அப்படிப்பட்டவர் உங்கள் கூட்டத்துக்கு வந்து, ஐந்தாண்டு கழித்துப் பலன் தரும் மரப்பயிரைப் பற்றியோ, வண்டல் அடித்து மண்ணை வளப்படுத்துவதைப் பற்றியோ ஏன் பேச வேண்டும்? அடுத்த ஆடியில் அந்த நிலம் அவர் கையில் இருக்குமா என்றே அவருக்குத் தெரியாது.

ஆகவே ஊர்க் கூட்டத்துக்கு முன்பாக உங்கள் குழுவின் குடும்பங்கள் தமக்குள் ஒரு கூட்டம் நடத்துங்கள். எந்தெந்தச் சர்வே எண் நிலத்தை, எத்தனை ஆண்டுக்கு, என்ன வாரத்துக்கு, யாரிடம் எழுத்தில் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறீர்கள் என்பதைச் சிவகங்கையில் உள்ள ஒரு வழக்கறிஞரின் துணையோடு முடிவு செய்யுங்கள். தனியொருவருக்குக் கொடுக்கத் தயங்கினால், ஊரின் மகளிர் குழுக்களுக்குக் கூட்டுச் சாகுபடிக்குக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம். கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் குத்தகை நிலத்தில் கூட்டாகப் பயிர் செய்து வருகின்றன. பாகம் பிரிக்காத நிலங்களை இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, சிக்கல் இல்லாத சில ஏக்கர்களை மட்டும் எழுதினால்கூடப் போதுமானது.

தமிழ்நாடு அரசின் கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டமும் தொடர்ச்சியாக அமைந்த தரிசு நிலங்களைத் தொகுப்பாக்கித் திருத்துவதை ஒரு முக்கியப் பணியாகக் கொண்டது. அதற்கும் நிலத்துக்காரர்களின் ஒப்புதல் வேண்டும். நிலத்துக்காரர்கள் சிங்கப்பூரில் இருப்பதால் வட்டார வேளாண் அலுவலருக்கு அந்த ஒப்புதல் எளிதில் கிடைத்திருக்காது. உங்கள் பட்டியல் தயாரானதும் அவரிடம் ஒரு படியைக் கொடுங்கள். களப்பணியாளர்கள் ஊருக்குள் போகும்போது அவர்கள் கையிலும் அந்தப் பட்டியல் இருக்கட்டும். வரைபடம் போடும் நாளில் எந்த வயல் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பதைக் கூழாங்கல் வைத்துக் காட்டினால், அதில் என்ன வைக்கலாம், எதை வைக்கக் கூடாது, கருவேலத்தை எந்தப் பக்கம் விட்டுவைக்க வேண்டும் என்று அவர்கள் தாங்களாகவே வாதாடத் தொடங்குவார்கள்.